நான்காம் எண் இல்லாத வார்டு

சியாயி ஊரில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்தால் முதலில் திட்டு வாங்குவது நான்தான். பெட்டியைப் பிரிப்பதும் பூட்டுவதும், கெட்டுப்போனால் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. மெஷின்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட, மெஷினைக் கண்டதும் டாக்டர்களும் நர்சுகளும் போடுகிற முகங்களைப் பற்றித்தான் அதிகம் தெரியும். பெரிய டாக்டர்கள் வீட்டுக்கு வந்த புது மருமகளைப் பார்ப்பதுபோல் குறை தேடிப் பார்ப்பார்கள். சின்ன டாக்டர்கள், "இது என் போன்ல தெரியுமா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நர்சுகள் எதுவுமே சொல்லமாட்டார்கள். மறுநாள் போனால் மெஷின் தலைமேல் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பாக்கெட் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் மெஷின் அடங்கி வேலை செய்யும் என்று நம்பிக்கை. நானும் வைத்திருக்கிறேன். எதற்கு வம்பு?

ஐந்தாம் மாடி ஆபரேஷன் வார்டில் இருந்த லியாவ் யுவேஷியா அக்கா இந்த எந்தக் கூட்டத்திலும் சேராதவள். இருபத்துநான்கு வயதில் அந்த வார்டுக்கு வந்தவள், ஐம்பத்துமூன்று வயதிலும் அங்கேயே இருந்தாள். புருஷன் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் தைபேயில் வேலை. அக்கா குள்ளம், நடை மட்டும் வேகம். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுவார்களாம், அதற்கு நிற்பதே மேலாம். ஆபரேஷன் ஆன மறுநாளே நோயாளிக்கு நல்லெண்ணெயில் வதக்கிய கோழியைத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவரும் மாமியார்களை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்புவாள். அவளுக்குப் பயப்படாத சொந்தக்காரர்கள் அந்த வார்டில் இருந்ததில்லை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கு ஒருதரம் வார்டை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்ப்பாள். தனக்கு ஒதுக்கிய பெட், அடுத்தவளுக்கு ஒதுக்கிய பெட் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். இதனால் மற்ற நர்சுகளுக்கு எரிச்சல்தான். "என் பேஷண்ட்டை நான் பார்த்துக்க மாட்டேனா?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. "பாரு, வேணாங்கல. நானும் பார்த்தா உனக்கென்ன கொள்ளை போகுது?" என்பாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வார்டுக்குத்தான் நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் வந்தன. கடல் கடந்து வந்த சரக்கு. நோயாளியின் நெஞ்சில் ஒட்டிவிட்டால் நாடி, மூச்சு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் அது இரவு பகலாகத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏதாவது கெட்ட திசையில் போனால் திரையில் அந்த பெட்டின் எண் சிவப்பாகி, அலாரம் அடிக்கும். எட்டு நோயாளிகளுக்கு எட்டுப் பட்டைகள் என்று தொடங்கினோம். திரையை வைக்க வேறு இடம் கிடைக்காமல் தாழ்வாரத்தைப் பார்த்து மாட்டினோம். போகிற வருகிறவர் கண்ணில் படும் என்பதால் நோயாளி பெயர் போடக்கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. எண் மட்டும்தான்.

சிக்கல் முதல் நாளே வந்தது. எங்கள் ஊரில் நாலாம் நம்பர் பெட்டில் யாரும் படுக்கமாட்டார்கள். எங்கள் மொழியில் சாவு என்ற சொல்லைப்போல ஒலிப்பதால் அது சாவைக் கூப்பிடும் எண். அதனால் எந்த வார்டிலும் மூன்றுக்கு அடுத்தது ஐந்துதான். பட்டையைச் செய்த வெளிநாட்டுக்காரனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அவன் திரையில் ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாகப் போட்டிருந்தான். எங்கள் பெட்களோ ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒன்பதுவரை. திரையில் நாலு என்றால் வார்டில் அது ஐந்தாம் பெட். திரையில் ஐந்து என்றால் ஆறாம் பெட். மாற்றித் தரச்சொல்லி எழுதினேன். அடுத்த புதுப்பிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அதுவரை என்ன செய்வது? நான் ஒரு மஞ்சள் தாளில் பெரிதாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்: 'நாலு முதல் ஒன்று கூட்டிக்கொள்ளவும்.' அப்போது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஒரே வாரத்தில் எல்லா நர்சுகளும் கூட்டப் பழகிவிட்டார்கள். தாளைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. திரையில் ஆறு சிவந்தால் கால் தானாக ஏழாம் பெட்டுக்குப் போகும்.

யுவேஷியா அக்கா மட்டும் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. அவள் பொறுப்பில் இருந்த பெட்டுக்கு அலாரம் அடிக்கும்போது பெரும்பாலும் அவள் அந்த பெட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். ஆனால் திரைக்கு வந்து 'பார்த்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தமாட்டாள். திரையோ யார் எத்தனை விநாடியில் அழுத்தினார்கள் என்று கணக்கு வைத்து மாதாமாதம் மேலே அனுப்பிவிடும். அதில் அவள் பெயருக்கு எதிரே எப்போதும் கடைசி இடம்.

தலைமை நர்ஸ் ஹுய்லிங் கெட்டவள் இல்லை. யுவேஷியாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். மேலிடம் பிடுங்கியதால் அவளுக்கு வேறு வழியும் இல்லை. ஒருநாள் நான் திரையின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே பேச்சு நடந்தது.

"அக்கா, அந்தப் பொத்தானை அழுத்துறதுக்கு ஒரு செகண்டு. உங்க கை என்ன தேஞ்சா போயிடும்?"

"பேஷண்ட்டைப் பார்த்துட்டு இருக்கறப்ப எதுக்கு இங்க வந்து அதைத் தடவிக்கிட்டு இருக்கணும்?"

"நீங்க பார்த்தீங்கன்னு மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேஷண்ட்டுக்குத் தெரியுமே."

"மாசக் கடைசிவரைக்கும் பார்ப்பேன் அக்கா. அப்புறம் உங்களைக் கீழ மாத்தச் சொல்லி எழுதித்தான் ஆகணும். நான் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

கீழே என்றால் அடித்தளம். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து, பொட்டலம் கட்டும் இடம். நோயாளி முகமே தெரியாது. யுவேஷியா அக்கா அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் லிஃப்டில் என்னைப் பார்த்தபோது, "குவான்லின், அங்க ஜன்னல் உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் பயந்துபோயிருந்தாள். அதற்கு முன் நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வான்கோழிச் சோற்றுக் கடையில் வரிசையில் நிற்கும்போது பட்டைக் கம்பெனியிடமிருந்து போனில் மெயில் வந்தது. இன்று பகல் ஒன்றரை மணிக்குத் தூரத்திலிருந்தே புதுப்பிக்கப் போகிறோம், நீங்கள் கேட்டபடி திரையில் நாலாம் எண் இனி இருக்காது என்று எழுதியிருந்தார்கள். நல்லது, சாப்பிட்டுவிட்டுப் போய் மஞ்சள் தாளைக் கிழித்துவிட்டு நர்சுகளிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் ஆபரேஷன் தியேட்டரில் உறிஞ்சு குழாய் மெஷின் நின்றுவிட்டது என்று இழுத்துக்கொண்டு போனார்கள். தாள் என் ஞாபகத்திலிருந்தே போய்விட்டது. ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

அன்று ஆறாம் பெட்டில் இருந்தவர் ட்சாய் என்ற கொய்யாத் தோட்டக்காரர். வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். பல வருஷச் சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கெனவே சுமார். மதியத் தூக்கத்துக்காகச் சுற்றிலும் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. அவர் மனைவி தோட்டத்தைப் பார்த்துவிட்டு வர ஊருக்குப் போயிருந்தாள். ஏழாம் பெட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். ஆறு முதல் ஒன்பதுவரை நாலு பெட்டுகளுக்கும் அன்று பொறுப்பு யீட்சென் என்ற இளம் நர்ஸ். நல்ல பொண்ணு, சுறுசுறுப்பு. திரை அனுப்பும் கணக்கில் எப்போதும் முதலிடம்.

திரையில் ஆறு சிவந்து அலாரம் அடித்தது. யீட்சென் பதினோரு விநாடியில் பொத்தானை அழுத்திவிட்டு, பழகியபடி ஒன்று கூட்டி, ஏழாம் பெட்டுக்கு ஓடினாள். பஸ் டிரைவர் சூரியகாந்தி விதையை உரித்துக்கொண்டு டிவியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையை அழுத்தி ஒட்டிவிட்டு வந்தாள். கால்மணி கழித்து மறுபடி அடித்தது. மறுபடி ஓடினாள்.

"ஏம்மா, நான் ஒழுங்கா மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைச் சாகடிச்சாத்தான் அந்த மெஷினுக்குத் திருப்தியா?" என்றார் டிரைவர்.

"நீங்க ஜெயிக்கிற டீமைப் பார்த்தா இதயம் இப்படி அடிக்காது தாத்தா," என்று சிரித்துவிட்டு, பட்டையையே மாற்றி ஒட்டினாள். மூன்றாவது தரம் அடித்தபோது, பட்டை கோளாறு என்று எழுதி எனக்கு ஒரு புகார் அனுப்பிவிட்டு அலாரத்தை அமர்த்தினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் செய்ததெல்லாம் நான் ஒட்டிய தாளில் இருந்ததுதான்.

மூன்று இருபத்துநாலுக்கு யுவேஷியா அக்கா சுற்றி வந்தாள். ஆறாம் பெட்டின் சீலையை விலக்கிக் கையைத் தொட்டாள். ஜில்லென்று வியர்த்திருந்தது. பிரஷர் பார்த்தால் ஊசி அசையவே மறுத்தது. "யீட்சென், டாக்டர் ஷியேயைக் கூப்பிடு, ரத்தம் கொண்டுவரச் சொல்லு," என்று சொல்லிக்கொண்டே பெட்டின் கால்மாட்டை அவளே தூக்கினாளாம். ஐந்து நிமிஷத்தில் ட்சாயைத் தியேட்டருக்குள் தள்ளினார்கள். உள்ளே தையல் ஒன்று விட்டுப்போய் ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. உயிர் பிழைத்தார். சிறுநீரகம் பிழைக்கவில்லை. வாரத்துக்கு மூன்றுநாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது.

சர்ஜன் டாக்டர் ஷியேக்குத் கட்டுக்கடங்காத கோபம், கோபத்துக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அந்தப் பட்டைகள் வந்த நாளிலிருந்து அவருக்கு அவற்றைப் பிடிக்காது. விசாரணைக் கூட்டத்துக்கு முந்தின நாள் யுவேஷியா அக்காவைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, நான் இருப்பதைக்கூடப் பார்க்காமல் பேசினார்.

"நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லு போதும். மெஷின் கோட்டை விட்டுது, என் கை கண்டுபிடிச்சுது. அந்தச் சனியன் எல்லாத்தையும் மூட்டை கட்டி அனுப்பிடலாம். உன்னை இந்த வார்டை விட்டு அசைக்க எவனையும் விடமாட்டேன்."

"சரி டாக்டர்," என்றாள்.

அவர் போனதும் என்னிடம் வந்தாள். "அது முதல்ல எத்தனை மணிக்குக் கத்துச்சு?"

அதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. பதிவுகளைப் பார்த்திருந்தேன். தாளையும் கிழித்துப் பையில் போட்டிருந்தேன். பதிவு அழிந்துவிட்டது என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு நிமிஷம் அப்படிச் சொல்லத்தான் நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"ரெண்டு நாப்பத்திரண்டுக்கு," என்றேன்.

"எந்த பெட்டுன்னு கத்துச்சு?"

"ஆறுன்னுதான் அக்கா. சரியாத்தான் கத்துச்சு. தாள்தான் தப்பு. அதைக் கிழிக்காம விட்டது நான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதை அச்செடுத்துக் குடு," என்று மட்டும் சொன்னாள்.

கூட்டத்துக்குத் துணை இயக்குநர் தலைமை. டாக்டர் ஷியே கால்மணி நேரம் மெஷினை வறுத்தெடுத்தார். பிறகு யுவேஷியாவைக் காட்டி, "கேளுங்க இவளை," என்றார். அவள் நான் அச்செடுத்துக் கொடுத்த பதிவை மேஜைமேல் வைத்தாள்.

"மெஷின் ரெண்டு நாப்பத்திரண்டுக்குச் சொல்லிடுச்சு. நான் தொட்டது மூணு இருபத்துநாலுக்கு. நாப்பத்திரண்டு நிமிஷம் என் கை பின்னால வந்துச்சு. ரெண்டு இருபதுக்குச் சுத்துறப்ப நான் அவரைத் தொட்டேன், அப்ப நல்லா இருந்தார். அடுத்த சுத்துக்குள்ள இவ்வளவு நடந்திருக்கு. மெஷினைத் தூக்காதீங்க."

டாக்டர் ஷியே நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நான் எழுந்து மஞ்சள் தாள் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு ஒரு பெரிய எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, வேலை போகவில்லை. துணை இயக்குநர் சமாதானப் பிரியர். மெஷின் இருக்கட்டும், யுவேஷியாவும் வார்டிலேயே இருக்கட்டும் என்றார். ஹுய்லிங் எழுதி வைத்திருந்த மாற்றல் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்து போகும்போது துணை இயக்குநர் சொன்னார்: "குடும்பத்துக்கிட்ட திடீர்னு ரத்தக்கசிவு, அனுபவமுள்ள நர்ஸ் உடனே கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லியாச்சு. அது பொய் இல்லை. அதுக்கு மேல யாரும் எதுவும் பேச வேணாம். பேசினா எங்கே இருக்கணுமோ அங்கே இருப்பீங்க."

பேசினால் யுவேஷியா கீழே. எல்லாருக்கும் புரிந்தது. நான் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை ட்சாயின் மனைவி ஒரு கூடை கொய்யாவோடு வார்டுக்கு வந்தாள். நான் ஏணிமேல் நின்று திரையை நோயாளி பெயர் தெரியும்படி உட்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் யுவேஷியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் அன்னிக்கு வரலைன்னா எங்க ஆளு இல்லை. டாக்டர் சொன்னார். முத்துக் கொய்யா, நேத்துதான் பறிச்சது. மாட்டேன்னு சொல்லாதீங்க."

யுவேஷியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கூடையை வாங்கவும் இல்லை. நான் ஏணிமேலிருந்து தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் பார்த்தாள்.

"அம்மா, உட்காருங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் குடுங்க. நான் வர்றதுக்கு நாப்பத்திரண்டு நிமிஷம் முன்னாடி இருந்தே அந்த மெஷின் மூணு தடவை கூப்பிட்டுது. எங்க ஆளுங்க போனாங்க, ஆனா பக்கத்து பெட்டுக்குப் போயிட்டாங்க. நம்பர் குழப்பம். எங்க தப்பு."

அந்த அம்மாள் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், "அப்பவே வந்திருந்தா இந்த டயாலிசிஸ் இருந்திருக்காதா?"

"தெரியாதும்மா. இருந்திருக்காம போயிருக்கலாம்."

அந்த அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனாள். நான் ஏணியிலிருந்து இறங்கினேன். "ஏன் அக்கா? எல்லாம் முடிஞ்சுதே," என்றேன்.

"அந்தாளுக்கு முடியல இல்ல?" என்றாள். "வாரம் மூணு நாள் ஊசி குத்திக்கப் போறவனுக்கு ஏன்னு தெரிய வேணாமா?"

விஷயம் அன்றே மேலிடத்துக்கு எட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை மாற்றல் வந்தது. மெஷினை மதிக்காததற்காக எழுதி வைத்திருந்த அதே காகிதம், மெஷின் சொன்னது சரி என்று சொன்னதற்காகக் கைக்கு வந்தது. ஹுய்லிங் அதைக் கொடுக்கும்போது அழுதுவிட்டாளாம். யுவேஷியா தன் செருப்பையும் தண்ணீர்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு அன்றே கீழே போனாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ட்சாய் குடும்பத்தைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டது. இனி மறைத்துப் பயனில்லை. நானும் போய்க் குனிந்து நின்றேன். டயாலிசிஸ் செலவு முழுக்க எங்களுடையது, சிறப்பு அறை, தனி டாக்டர் என்று துணை இயக்குநர் வரிசையாகச் சொன்னார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் குள்ளமான நர்ஸ் எங்கே?" என்றாள்.

"அவங்க இப்ப வேற பிரிவுல இருக்காங்க."

"எந்தப் பிரிவு?"

துணை இயக்குநர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், அடித்தளத்தில் கருவி கழுவுகிற இடம் என்று.

அவள் புருஷனை ஒருதரம் பார்த்தாள். பிறகு துணை இயக்குநரிடம் சத்தம் போடாமல்தான் கேட்டாள்: "எங்ககிட்ட உண்மையைச் சொன்ன ஒரே ஆளைக் கீழ அனுப்பிட்டீங்க. மேல மிச்சம் இருக்கறவங்க கையில இவரை எந்த நம்பிக்கையில நான் விட்டுட்டுப் போறது?"

அந்த வாரத்திலிருந்து ட்சாய் டயாலிசிஸுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தைனானில் இருக்கும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.